சோறும் பருப்பும் லைசினும்: பள்ளிக் குழந்தையின் அமினோ அமிலத் தேவை

எட்டு வயதுக் குழந்தை, எடை 25 கிலோ, நோய் நொடி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காலையில் பழைய சோறு, மதியம் சாம்பார் ஊற்றிய சோறு, இரவு ரசம் சோறு. சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கிறது. ரசத்தில் பருப்பு பேருக்குத்தான். நாள் முழுதும் வயிற்றுக்குள் போனதைச் சமைக்காத எடையில் கூட்டினால் 250 கிராம் அரிசியும் 10 கிராம் துவரம்பருப்பும் வரும். அரிசியில் ஏறத்தாழ 8 சதவீதம் புரதம், ஆகவே 20 கிராம். பருப்பில் 22 சதவீதம், ஆகவே 2 கிராம். ஆக மொத்தம் 22 கிராம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அட்டவணை, 7 முதல் 9 வயதுள்ள குழந்தையின் சராசரிப் புரதத் தேவை 19 கிராம் என்றும், பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமான அளவு 23 கிராம் என்றும் சொல்கிறது. வயிறு நிறைந்துவிட்டது, புரதக் கணக்கும் ஒரு கிராம் குறைவோடு நேராகிவிட்டது. இந்தத் தட்டைப் பார்த்துக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் குறை இருக்கிறது. புரதத்தைக் கிராமில் மட்டும் எடைபோடுகிற வரை அது கண்ணில் படாது என்பதையும், பள்ளிப் பருவத்துக் குழந்தைகளின் அமினோ அமிலத் தேவை பற்றி முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகள் நம்மை அந்தக் குறையின் பக்கம்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதையும் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. இருபது அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்துத்தான் உடல் தன் புரதங்களைக் கட்டுகிறது. அவற்றில் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வரவேண்டும்: லைசின், லூசின், ஐசோலூசின், வேலின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், ட்ரிப்டோஃபான், ஹிஸ்டிடின். கதம்பம் கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளலாம். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசை தவறாமல் வைத்துக் கட்டிக்கொண்டே போகிறார். கனகாம்பரம் தீர்ந்துவிட்டால் மாலை அங்கேயே நின்றுவிடுகிறது, கூடையில் மல்லி எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பயனில்லை. மிஞ்சிய மல்லி நாளைக்கும் ஆகாது, வாடிவிடும். உடலும் அமினோ அமிலங்களைக் கொழுப்பைப் போலச் சேர்த்து வைப்பதில்லை. ஒன்று போதாமல் போனால் மற்றவற்றை எரித்துவிடுகிறது. அப்படி முதலில் தீர்ந்துபோகிற பூ, தானியத்தை நம்பி வாழும் மக்களுக்கு லைசின். அரிசிப் புரதத்தின் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ 37 மில்லிகிராம் லைசின் இருக்கிறது. கோதுமையில் 27 அளவில். சோளத்தில் அதற்கும் குறைவு. பருப்பு வகைகளில் 65-இலிருந்து 70, முட்டையில் 70, பாலில் 78. மற்ற எட்டும் முக்கியமானவைதான். ஆனால் அரிசி உண்ணும் நாட்டில் லைசின் சரியாக இருந்தால் பெரும்பாலும் மற்றவையும் சரியாகவே இருக்கும்.

இப்போது அதே தட்டுக்கு மறுபடியும் வருவோம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, 3 முதல் 10 வயதுக் குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் லைசின் சராசரித் தேவை என்கிறது. 25 கிலோ குழந்தைக்கு அது 875 மில்லிகிராம். குழந்தைக்குக் குழந்தை தேவை மாறும் என்பதால் பெரும்பாலோருக்குப் போதுமான அளவு 1,080 அளவில் நிற்கும். நம் தட்டின் 20 கிராம் அரிசிப் புரதத்தில் 740 மில்லிகிராம், பருப்பில் 150. ஆனால் உண்டதெல்லாம் செரித்து உள்ளே போவதில்லை. பெங்களூரு புனித ஜான் ஆய்வு நிறுவனத்தில் நிலையான ஐசோடோப்புகளைக் கொண்டு சிறு குழந்தைகளிடம் அளந்தபோது, அரிசியின் அமினோ அமிலங்களில் எண்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், பாசிப்பயறில் ஏறத்தாழ 65 சதவீதமும், முட்டையில் 87 சதவீதமும் செரித்ததாகக் கண்டார்கள். அந்தக் கழிவைப் போட்டால் அரிசியிலிருந்து 590, பருப்பிலிருந்து 100, ஆக 690 மில்லிகிராம் லைசின்தான் குழந்தையின் இரத்தத்துக்கு வந்து சேர்கிறது. சராசரித் தேவைக்கே ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. புரதக் கணக்கில் கிட்டத்தட்டத் தேறிவிட்ட அதே தட்டு லைசின் கணக்கில் தோற்றுவிடுகிறது.

இந்த வாதம் முழுவதும் 35 என்ற எண்ணின் மேல் நிற்கிறது. ஆகவே அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கம்மிங் ரோஸ், 1930-களில் திரியோனினைக் கண்டுபிடித்து அத்தியாவசிய அமினோ அமிலங்களின் பட்டியலை முழுமையாக்கியவர், பிறகு இளைஞர்களைக் கொண்டு தேவையை அளக்கத் தொடங்கினார். ஸ்டார்ச், சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, தூய அமினோ அமிலக் கலவை என்று உணவு கொடுத்து, உள்ளே போன நைட்ரஜனையும் சிறுநீரிலும் மலத்திலும் வெளியே வந்த நைட்ரஜனையும் ஒப்பிட்டார். வரவும் செலவும் சமமாகிற அளவே தேவை. இதே நைட்ரஜன் சமநிலை முறையைக் கையாண்டு ஜப்பானில் நாகாகாவாவும் உடன் உழைத்தவர்களும் 1960-களின் தொடக்கத்தில் 10 முதல் 12 வயதுச் சிறுவர்களிடம் அளந்தார்கள். பள்ளிக் குழந்தைகளைப் பற்றி நெடுங்காலம் உலகின் கையிலிருந்த நேரடித் தரவு அது ஒன்றுதான். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் வெளியிட்ட 1973 அறிக்கை அதிலிருந்து லைசினுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டது; அதே தரவை மறுபடி பார்த்து அவற்றின் 1985 அறிக்கை 44 என்று இறக்கியது. குவாத்தமாலாவில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் அளந்த 64-ம், ரோஸ் வழிவந்த பெரியவர்களுக்கான 12-ம் அதே 1985 அறிக்கையில் ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சாயின.

64, 44, 12 என்ற இந்த வரிசையை உற்றுப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தெரியும். குழந்தை வளர்ந்து பெரியவராகும்போது கிலோவுக்கான மொத்தப் புரதத் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. லைசின் தேவை மட்டும் ஐந்தில் ஒன்றாக விழுவானேன்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் வெர்னன் யங் 1980-களில் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். நைட்ரஜன் சமநிலை முறையில் ஒரு சாய்வு இருக்கிறது. தட்டில் ஒட்டியதும் கீழே சிந்தியதும் உண்டதாகக் கணக்கில் ஏறிவிடும். வியர்வையிலும் உதிர்ந்த தோலிலும் முடியிலும் போனது கணக்கில் வராது. இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்ந்து, உடல் நைட்ரஜனைச் சேமிப்பதாகப் பொய்க்கணக்குக் காட்டும். தேவை இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். போதாக்குறைக்கு ரோஸின் இளைஞர்கள் ஏராளமான கலோரியும் உண்டார்கள். கலோரி மிகுந்தால் புரதம் மிச்சப்படும். கார்பன்-13 பொதிந்த அமினோ அமிலங்களைக் கொடுத்து யங் அளந்தபோது பெரியவர்களின் லைசின் தேவை 30 என்று வந்தது, பழைய எண்ணைப்போல் இரண்டரை மடங்கு. கடுமையான விவாதம் நடந்தது. இந்தியர்களிடம் 24 மணி நேரமும் அளந்து 30-ஐ உறுதிசெய்ததில் பெங்களூருவின் அனுரா குர்பத் குழுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2007 அறிக்கை அதை ஏற்றுக்கொண்டது.

குழந்தைகளின் எண்ணை அந்த அறிக்கை நேராக அளக்கவில்லை, கூட்டல் கணக்கால் கட்டியது. அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோ குழந்தை ஒரு வருடத்தில் இரண்டரைக் கிலோ கூடுகிறது என்றால் நாளுக்கு 7 கிராம். உடலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே புரதம் என்பதால் நாளுக்கு ஒன்றே கால் கிராம் புரதம் புதிதாகச் சேர்கிறது. கிலோவுக்கு 0.05 கிராம். இருக்கிற உடலைப் பழுதுபார்த்துக் காப்பதற்கோ கிலோவுக்கு 0.66 கிராம் வேண்டும். வளர்கிற பிள்ளைக்குப் புரதம் நிறைய வேண்டும் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். கைக்குழந்தைக்கு அது முழு உண்மை, ஆறு மாதத்தில் லைசின் தேவை கிலோவுக்கு 64. ஆனால் பால்பல் விழுகிற வயதில் வளர்ச்சி மெதுவாக, சீராக நடக்கிறது. அந்த வயதின் 35 மில்லிகிராமில் 30 பராமரிப்புக்கு, மிச்சம் மட்டுமே வளர்ச்சிக்கு. பள்ளிக் குழந்தை, அமினோ அமிலக் கணக்கில், ஏறக்குறைய ஒரு சின்னப் பெரியவர்.

காகிதத்தில் போட்ட இந்தக் கூட்டலை உடலில் சோதித்தவர்கள் டொரொண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் பால் பென்சார்ஸ், ரொனால்ட் பால், ராஜவேல் இளங்கோ முதலியோர். முறை பன்றிக்குட்டிகளிடம் பிறந்தது. கதம்பத்தில் கனகாம்பரம் குறைந்தால் மல்லி வீணாகும் அல்லவா? வீணாகிற மல்லியை எண்ணினால் கனகாம்பரம் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். ஃபினைல்அலனின் இங்கே மல்லி. கதிர்வீச்சு இல்லாத கார்பன்-13 பொதிந்த ஃபினைல்அலனினைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மணிக்கு ஒரு தரம் சிறிய அளவில் உணவு. அதில் லைசின் மட்டும் ஒவ்வொரு சோதனை நாளும் ஒரு அளவு. குழந்தை ஒரு பைக்குள் ஊதுகிறது. லைசின் போதாத நாளில் ஃபினைல்அலனின் எரிந்து, அதன் கார்பன்-13 மூச்சில் கரியமில வாயுவாக வெளிவருகிறது. லைசினைக் கூட்டக் கூட்ட அது இறங்கி, ஓர் இடத்தில் இறக்கம் நின்று மட்டமாகிறது. கோடு மடங்குகிற அந்த இடம்தான் தேவை. ஊசி இல்லை, நாள்கணக்கில் சிறுநீர் சேகரிக்க வேண்டியதில்லை; நலமான குழந்தைகளிடம் இப்படிப்பட்ட ஆய்வு நடக்க முடிந்ததே அதனால்தான்.

வந்த எண்கள் கூட்டல் கணக்கோடு ஒத்துப்போயின. 2007-இல் டொரொண்டோ குழந்தைகளின் லைசின் தேவை 35 என்று வந்தது. 2010-இல் பெங்களூருவில் நலமான இந்தியக் குழந்தைகளிடம் இதே முறையில் அளந்தபோது 33.5. கனடாவின் இறைச்சி, பாலில் வளர்ந்த குழந்தைக்கும் நம் சோற்றில் வளர்ந்த குழந்தைக்கும் நடைமுறையில் வேறுபாடில்லை. நம் உடல் தானியத்துக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் லைசினே நமக்குப் போதும் என்று இருந்துவந்த நம்பிக்கைக்கு இந்த ஒற்றை எண் நேரான மறுப்பு, அதனால்தான் இதைப் பெரிதாகக் கருதுகிறேன். லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும் சேர்ந்த தேவை குழந்தைகளிடம் 147, பெரியவர்களிடம் 144. சிஸ்டீன் இல்லாத உணவில் மெத்தியோனின் தேவை குழந்தைகளிடம் 12.9, பெரியவர்களிடம் 12.6. எங்கு தொட்டாலும் இந்த வயதின் தேவை பெரியவர்களுடையதை ஒட்டியே நிற்கிறது.

ஒவ்வோர் ஆய்விலும் ஐந்தாறு குழந்தைகள்தானே, அதை வைத்து ஒரு நாட்டின் உணவை எடைபோடலாமா என்று கேட்கலாம். ஒரே குழந்தையை ஏழெட்டு நாள் வெவ்வேறு அளவில் சோதிப்பதால் தரவுப் புள்ளிகள் அந்த எண்ணிக்கை காட்டுவதைவிட அதிகம். என்றாலும் நம்பக எல்லைகள் அகலமாகவே இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. என்னை நம்பவைப்பது எந்த ஓர் ஆய்வின் துல்லியமும் அல்ல. கூட்டல் கணக்கும் மூச்சுச் சோதனையும் ஒன்றையொன்று சாராமல் புறப்பட்டு ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததும், இரண்டு கண்டங்களில் ஒரே எண் வந்ததும்தான் நம்பவைக்கின்றன.

இன்னொரு முரண்பாடு இதைவிடக் கடினம். இதே மூச்சு முறையால் டொரொண்டோ குழு 2011-இல் பள்ளிக் குழந்தைகளின் மொத்தப் புரதத் தேவையை அளந்தபோது கிலோவுக்கு சராசரி 1.3 கிராமும், பாதுகாப்பான அளவாக 1.55 கிராமும் வந்தன. சர்வதேசப் பரிந்துரையோ இந்த வயதுக்கு 0.9 கிராம் அளவில் நிற்கிறது. லைசினுக்கு முறையை நம்பி, புரதத்துக்கு நம்பாமல் விடுவது எப்படி? என் எண்ணம் இது: ஒரே ஓர் அமினோ அமிலத்தைக் கூட்டிக் குறைத்து மற்றவற்றை நிலையாக வைக்கும்போது கோடு மடங்குவதன் பொருள் தெளிவு. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும்போது, தூய அமினோ அமிலமாக மணிக்கொரு தரம் உள்ளே வருகிற வெள்ளத்தை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதும் அந்த மடிப்பில் கலந்துவிடுகிறது. ஆகவே 1.55 கிராமை இப்போதே பரிந்துரையாக ஏற்க நான் தயங்குகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழு சொல்வது சரியென்றே ஆனாலும் என் வாதம் கெடாது, இன்னும் வலுக்கும். முதலில் சொன்ன தட்டு அப்போது லைசின், மொத்தப் புரதம் இரண்டு கணக்கிலும் தோற்கும்.

இந்தியாவில் இதற்கு எதிரான மிகக் கனமான வாதம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1950-களிலும் 60-களிலும் உலகம் முழுக்கப் புரதப் பஞ்சம் என்ற பேச்சு எழுந்தது. மீன்மாவு, செயற்கை லைசின் சேர்த்த ரொட்டி என்று திட்டங்கள் பிறந்தன. ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலனும் புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மேயும் அதை மறுத்தார்கள். நம் குழந்தைகளுக்குக் குறைவது கலோரி, வழக்கமான உணவையே வயிறார உண்டால் புரதம் தானே வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் 1974-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்தப் புரத ஆர்ப்பாட்டத்தை மாபெரும் தோல்வி என்றே எழுதினார். பட்டினி கிடந்த நாட்டில் அவர்கள் சொன்னது உண்மை. கலோரி போதாத குழந்தைக்குக் கொடுத்த புரதம் அடுப்பில் விறகாகத்தான் போகும். ஆனால் அந்த வாதத்தின் இரண்டு தூண்களும் இன்று இடம் மாறிவிட்டன. அன்று கையிலிருந்த பெரியவர்களுக்கான லைசின் எண் மிகச் சிறியது, தானியமே போதும் என்று காட்டுகிற அளவுக்குச் சிறியது. அது திருத்தப்பட்டுவிட்டது. இரண்டாவது, கலோரிக்கான வழி ஓரளவு திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம், குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ வரை. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் மானிய விலைத் துவரம்பருப்பு ஒரு கிலோ. நால்வர் குடும்பத்தில் அந்தப் பருப்பைப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம், ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. அரிசி இருபது பங்கு, பருப்பு ஒரு பங்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிற சமநிலை மூன்றுக்கு ஒன்று, அதோடு பால். வெளியே கடையில் பருப்பு வாங்க முடிந்த வீடு இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். முடியாத வீட்டுக் குழந்தையின் தட்டுதான் முதல் பத்தியில் நாம் பார்த்தது. அரிசியை மட்டும் கூட்டினால் சரியாகாதா? சரியாகும், நாளொன்றுக்கு 370 கிராம் அரிசி, வடித்தால் ஒரு கிலோ சோறு. அதுவும் சராசரித் தேவைக்கு மட்டும். 25 கிலோ எடையுள்ள குழந்தையால் தினமும் ஒரு கிலோ சோறு உண்ண முடியாது.

தட்டைச் சரிசெய்வதோ கைக்கெட்டும் காரியம். அதே 250 கிராம் அரிசியோடு பருப்பை 10-இலிருந்து 40 கிராமாக்கினால், செரிமானக் கழிவு போக, லைசின் 990-ஐத் தொடும். சராசரித் தேவையைத் தாண்டியாயிற்று. ஒரு முட்டை ஏறத்தாழ 380 மில்லிகிராம் சேர்க்கும், ஒரு டம்ளர் பால் அதற்கும் சற்று மேல். முட்டையோ பாலோ ஏதாவது ஒன்று சேர்ந்தால் பாதுகாப்பான அளவும் கடந்துவிடும். அரிசியும் பருப்பும் சேர்வதில் இன்னொரு நன்மை உண்டு. பருப்பில் கந்தகம் கொண்ட மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைவு, அரிசியில் அவை தாராளம். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. வெண்பொங்கல், பருப்பு சாதம், நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போட்டு அரைத்த இட்லி எல்லாம் இந்தச் சேர்க்கைதான். ஆனால் இட்லி மாவில் உளுந்தைக் குறைத்து, பொங்கலில் பருப்பைத் தூவலாக்கிவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். தோல் நீக்கிய பருப்பு முழுப்பயறைவிட நன்றாகச் செரிக்கிறது என்பதும் அளந்து கண்டதே. சிறுதானியத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இப்போது பலரும் நம்புகிறார்கள். கேழ்வரகில் கால்சியம் மிகுதி, அதற்காக அதை உண்ணவேண்டும். லைசினிலோ அது அரிசிக்குக் கீழே, செரிமானத்திலும் கீழே. கேழ்வரகுக் களியும் பருப்புக் குழம்பைத் தேடத்தான் செய்யும்.

சத்துணவுக் கூடத்தை இந்தக் கணக்கோடு பார்த்தால் அதன் அருமை புரியும். 1956-இல் காமராஜர் பள்ளிகளில் பரவலாக்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்த மதிய உணவில் முதலில் சோறும் சாம்பாரும்தான். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, பின்னர் வாரத்தில் ஐந்து பள்ளி நாளும் என்றாயிற்று. பசியைத் தணிக்கிற திட்டம் லைசின் தருகிற திட்டமாக மாறியது அந்த முட்டையால்தான் என்பேன். முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருவது வழக்கம். அன்போடு செய்த ஏற்பாடு, ஆனால் ஒரு பழத்தில் ஒரு கிராம் அளவே புரதம், முட்டையில் ஆறு. சைவக் குழந்தைக்கு ஈடாக வைக்கவேண்டியது ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு டம்ளர் பாலோதான். சைவ உணவால் இந்தத் தேவையைத் தாராளமாக நிறைவேற்ற முடியும், பருப்பும் பாலும் உண்மையிலேயே தட்டில் இருந்தால்.

அப்படியென்றால் புரத மாவு வாங்கிக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி; விளம்பரங்கள் எதிர்பார்ப்பதும் அந்தக் கேள்வியைத்தான். பருப்பும் முட்டையும் பாலும் கிடைக்கிற வீட்டுக் குழந்தைக்கு லைசின் தேவை ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஊற்றுவது எரிந்துபோகும். கிடைக்காத வீட்டிலோ அந்த டப்பாவின் விலைக்குப் பல கிலோ பருப்பு வரும். மாவுப் பொருள்களில் கவனிக்கவேண்டிய இன்னொன்று வறுவல். லைசின் மூலக்கூறின் ஒரு முனை சும்மா நிற்பது. சூட்டில் அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, உடலுக்குப் பயன்படாத பொருளாகிவிடும். வறுபடும்போது வருகிற அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் இந்தச் சேர்க்கையில் பிறப்பவை. டொரொண்டோ குழுவின் சோதனையில் வெந்த சோற்றின் லைசின் ஏறக்குறைய முழுதும் பயன்பட்டது, அடுப்பில் சிவக்கவிட்ட சோற்றில் வெகுவாகக் குறைந்தது. (பெங்களூருவில் அரிசிக்கு எண்பதுக்குக் கீழே வந்த எண்ணோடு இது பொருந்தவில்லை, வயதும் முறையும் வேறு. நான் என் கணக்கில் குறைந்த எண்ணையே எடுத்தேன்.) வீட்டில் சத்துமாவு செய்கிறவர்கள் பயறையும் தானியத்தையும் கருக விடாமல் இளவறுப்பாக எடுப்பதும், வெல்லத்தைக் கஞ்சி இறக்கியபின் சேர்ப்பதும் லைசினைக் காக்கும்.

இதுவரை பேசியதெல்லாம் நலமான குழந்தையைப் பற்றி. ஆய்வுத் தலைப்புகளில் எப்போதும் வரும் அந்த 'நலமான' என்ற சொல்லில்தான் பெரிய பிரச்சினை ஒளிந்திருக்கிறது. பெங்களூரு, டொரொண்டோ ஆய்வாளர்கள் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குடற்புழு இருந்த, மிதமான ஊட்டக்குறை கொண்ட பள்ளிக் குழந்தைகளின் லைசின் தேவை 42.8 மில்லிகிராம். அதே குழந்தைகளுக்குப் புழு நீக்க மருந்து கொடுத்து மறுபடி அளந்தபோது 35.5, அதாவது கிட்டத்தட்ட நலமான குழந்தையின் எண். புழுவும் அது குடலில் உண்டாக்கும் அழற்சியும் கிலோவுக்கு 7.3 மில்லிகிராம் லைசினைத் தினமும் தின்றுகொண்டிருந்தன. யாருக்கு உணவில் லைசின் குறைவோ அவருக்கே தேவை அதிகம். வறுமை இரண்டு பக்கமும் இழுக்கிறது: ஒரு கையால் பருப்பைக் குறைக்கிறது, மறு கையால் தேவையை ஏற்றுகிறது. தேவை என்பது உடலுக்குள் எழுதிவைத்த மாறாத எண் என்று நினைக்கிறவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். நலமான குழந்தையின் எண்ணை அப்படியே எடுத்து ஒரு சேரிக் குழந்தையின் தட்டை அளந்து, போதும் என்று சொல்லிவிடுவது தவறான கணக்கு. அதேபோல, அந்தக் குழந்தைக்குப் பருப்பை மட்டும் கூட்டிவிட்டுக் கழிப்பறையையும் குடிநீரையும் விட்டுவிடுவதும் பாதிக் கணக்கே.

20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு அந்த 7.3 மில்லிகிராம் என்ன என்று கடைசியாகப் பார்த்துவிடலாம். நாளுக்கு ஏறத்தாழ 145 மில்லிகிராம் லைசின். செரித்துச் சேருகிற கணக்கில் அது 15 கிராம் துவரம்பருப்பு, ரேஷன் பங்கில் ஆளுக்கு வருகிற எட்டு கிராமைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிப்ரவரி 10 அன்றும் ஆகஸ்ட் 10 அன்றும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் மென்று தின்னச் சொல்லித் தருகிற ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை, புழு இருக்கிற குழந்தைக்கு அந்த 15 கிராம் பருப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்து புழு மறுபடி ஏறும் வரை.